மே மாதத்தில் ஆளில்லாத ஊர்

ஆகஸ்ட் 6

இன்று எங்கள் மத்திய அரசுப் பள்ளி முதல்வர் நௌட்டியால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். ஏழு வருடத்தில் இது இரண்டாவது டீ. முதல் டீ நான் வேலையில் சேர்ந்த அன்று. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சேமல்சௌர் நகராட்சிக்கு நூறு வயதாகிறதாம். செப்டம்பர் கடைசியில் விழா. அதற்கு ஊரின் வரலாறும் புவியியலும் சேர்ந்த சிறு புத்தகம் ஒன்று வேண்டும். ஊர்க்காரர்கள் எழுதினால் ஒவ்வொருவரும் தன் தாத்தாதான் ஊரை உண்டாக்கினார் என்பார்கள். அதனால் புவியியல் டீச்சர், வெளியூர்க்காரி, மதராஸி, செண்பகவல்லி மேடம் எழுதட்டும் என்று நகராட்சித் தலைவரே சொன்னாராம். சரி என்றேன். எழும்போது முதல்வர், "உங்க இடமாற்ற மனு இந்த வருஷமும் என் மேஜையிலதான் இருக்கு" என்றார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஞாபகம் வந்ததால் சொல்லியிருப்பார்.

கோவில்பட்டிக்கு போன் பேசினேன். அத்தைக்கு இடது கை இன்னும் எழவில்லை. இவர் ரயில்வே டூட்டியும் பார்த்து அத்தையையும் பார்க்கிறார். மகள் பிளஸ் டூ. "இந்த வருஷமாவது வந்துருவியாம்மா?" என்று கேட்டாள். நான் புத்தகம் எழுதப் போகிறேன் என்றேன். அவள் கேட்டது அதை இல்லை.

ஆகஸ்ட் 10

புவியியல் பகுதி முடிந்தது. இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இமயமலை முடிகிற இடத்தில் ஊர் தொடங்குகிறது. கீழே தராய்ச் சமவெளி. நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு உருண்டைக் கல்லும் சரளையுமாக ஒரு பட்டை, பாபர் என்று பெயர். மலையிலிருந்து இறங்கும் ஆறு இந்தக் கல்லுக்குள் போய்க் காணாமல் போகும். தராயில் ஊற்றாக மறுபடி தலைகாட்டும். எங்கள் சூகி ஆறும் அப்படித்தான். வருடத்தில் பத்து மாதம் பாலத்துக்குக் கீழே கல் மட்டும் கிடக்கும். வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் கல்லுக்கு எதற்கு இத்தனை பெரிய பாலம் கட்டினார்கள் என்று சிரித்தேன். ஆகஸ்டில் அந்தச் சிரிப்பு நின்றது.

நான் குடியிருக்கும் படாவ் தெரு ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. நாற்பத்து மூன்று வீடு. வெள்ளம் வந்தால் பஜாருக்குள் தண்ணீர் போகும், படாவுக்கு வராது. யாரோ இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இதையும் எழுதியிருக்கிறேன்.

கறிவேப்பிலைச் செடி இரண்டு இலை விட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 19

இன்று வனத்துறைப் பழைய அலுவலகத்தில் நாலு மணி நேரம். எலிப்புழுக்கையும் தூசியும். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. ஆனால் கிடைத்துவிட்டது! 1938ஆம் வருடத்து நில அளவைப் பதிவேடு. இப்படி ஒன்று இருப்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே தெரியாது. அலமாரி எண், பக்க எண் எல்லாம் குறித்துக்கொண்டு, முக்கியமான பக்கங்களைப் படமும் எடுத்தேன்.

படாவைப் பற்றி ஒரே ஒரு வரி: 'கதவில்லாத கொட்டில்கள் 31. மனித வாசம் இல்லை.'

அதாவது நான் இருக்கும் தெருவுக்கு எண்பது வருடம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான். கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருந்தது. அதனால் என்ன, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 20

ஹன்ஸா தீதியிடம் பெருமையாகச் சொன்னேன். தீதி என் வீட்டுக்காரம்மா. கீழே அவளும் இரண்டு எருமையும், மாடி அறையில் நான். அறுபத்திரண்டு வயது. அவளை நான் தீதி என்பேன், அக்கா என்று அர்த்தம். அவள் என்னைப் பைணி, தங்கச்சி என்பாள். அவள் பேசுகிற குமாவோனி இந்தியை என்னால் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுத முடியும். காதில் அப்படித்தான் விழுகிறது.

கேட்டுவிட்டுத் தீதி பால் கறப்பதை நிறுத்தினாள்.

"அந்தத் தொரை எந்த மாசம் வந்தான்?"

படத்தை எடுத்துப் பார்த்தேன். மே 21.

தீதிக்கு அப்படிச் சிரிப்பு. எருமை மிரண்டது. "மே மாசத்துல வந்து ஆளத் தேடுனானாக்கும்? மே மாசம் இங்க இருந்தா எவன் உசுரோட இருந்தான்?"

பிறகு சொன்னாள். அந்தக் காலத்தில் தீபாவளி முடிந்ததும் மலைக் கிராமங்கள் மொத்தமாக இங்கே இறங்கும். அவள் மாமனார் வீட்டார் பினௌலியிலிருந்து நாலு நாள் நடப்பார்கள். மாடு, பிள்ளைகள், விதைத் தானியம் எல்லாம் சேர்த்து. இதற்கு வெயில் காயப் போவது என்று பெயர். குளிர்காலம் முழுக்க இங்கே கோதுமை, கடுகு. பங்குனி முடிவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். ஏறாதவனை ஔல் காய்ச்சல், அதாவது மலேரியா, தின்றுவிடும். கொசு மருந்து அடித்த பிறகுதான் வருடம் முழுக்கத் தங்க ஆரம்பித்தார்கள்.

"அப்ப ஏன் கதவில்லை?" என்றேன்.

"காட்டுல மரம் வெட்டினா கேஸ் போடுவான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு. போறப்போ கழட்டிக் குதிரை மேல கட்டிக்கிட்டுப் போயிருவோம். திருகைய மட்டும் அடுப்பங்கரையில குழி தோண்டிப் புதைச்சுருவோம். வந்து தோண்டி எடுத்துக்கலாம்."

அளவைக்காரர் பார்த்தது இதைத்தான். கதவில்லாத வீட்டைக் கொட்டில் என்று நினைத்திருக்கிறார். இந்த ஊர்ப் புவியியலே இந்த ஒரு தவறுக்குள் இருக்கிறது. ஒரே மூச்சில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். ஏழு வருடத்தில் நான் எழுதிய நல்ல எழுத்து இதுதான்.

ஆகஸ்ட் 27

முதல்வர் கைப்பிரதியைப் படித்துவிட்டார். பிடித்திருக்கிறது. தலைவருக்கும் காட்டியிருக்கிறார், அவருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சிறு மாற்றம். அந்த இரண்டரைப் பக்கம் வேண்டாமாம். எருமைக்காரி சொன்னதற்கு ஆவணம் எங்கே என்றார். பதிவேட்டில் இருப்பது போதும், வரலாறு என்றால் சான்று வேண்டும் என்றார். பக்கமும் இல்லையாம், முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் அச்சகத்தில் கட்டுப்படியாகாதாம்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எடுத்துவிட்டேன். 'மே 21' என்பதையாவது வைக்கலாமா என்று யோசித்தேன். விளக்கம் இல்லாமல் தேதி மட்டும் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன்.

மனு மேஜையில் மேலாக இருந்தது. சும்மா கண்ணில் பட்டது.

செப்டம்பர் 2

காஸ் தீர்ந்தது. தீதி வீட்டு அடுப்பில் சோறு. புத்தகம் எப்போது வரும் என்று கேட்டாள். வரும் என்றேன்.

செப்டம்பர் 29

விழா நடந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஐந்நூறு பிரதி. அட்டையில் சூகி ஆற்றுப் பாலம், அழகாக வந்திருக்கிறது. உள்ளே முதல் ஆறு பக்கம் தலைவரின் படங்கள்: நாடா வெட்டுகிறார், மரம் நடுகிறார், யாருக்கோ தையல் மெஷின் கொடுக்கிறார். பரவாயில்லை, ஊர் வழக்கம்.

தீதி எனக்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் போடும் மூக்குவளையம் போட்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க தெரு இருக்கா?" என்றாள். பதினாலாம் பக்கத்தை எடுத்து இதோ என்று காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

முதல்வர் மனுவைப் பரிந்துரைத்து மேலே அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 24

படாவ் தெருவில் நாற்பத்து மூன்று கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பேருந்து நிலையம் வரப்போகிறது. அரசு நிலத்தை ஆக்கிரமித்திருப்பவர்கள் நவம்பர் 11 அன்று விசாரணைக்கு வர வேண்டும். 1938 அளவைக்கு முன்பிருந்தே குடும்பம் குடியிருந்ததைக் காட்டினால் உரிமை உண்டு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

தீதி நோட்டீஸை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "காட்டிட்டாப் போச்சு. நாமதான் இருந்தமே" என்று எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இங்கே ஊரெல்லாம் காய்ச்சல், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

அக்டோபர் 26

தெருக்காரர்கள் சேர்ந்து வக்கீல் பிடித்திருக்கிறார்கள். தாம்தா என்ற இளவயதுக்காரர். மாடி ஏறி என்னைப் பார்க்க வந்தார். நகராட்சி தாக்கல் செய்த ஆவணக் கட்டின் நகலைக் கொண்டுவந்திருந்தார். முதல் தாள், பதிவேட்டின் நகல். அலமாரி எண், பக்க எண் எல்லாம் என் புத்தகத்தில் இருந்தபடியே. இரண்டாம் தாள், என் புத்தகத்தின் பதினாலாம் பக்கம். 'படாவில் அக்காலத்தில் மனித வாசம் இருந்ததில்லை. இன்றுள்ள குடியிருப்பு பிற்காலத்தது' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாய் திறந்தது, வீடு போவது வேறு ஆளுக்கு.

தாம்தா திட்டவில்லை. "மேடம், இந்தப் பதிவேடு எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. நீங்க எழுதலேன்னா அது எலிக்குத்தான் போயிருக்கும்" என்றார். விசாரணைக்கு வந்து உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

தீதியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 27

சொல்லவில்லை. எருமைக்கு உடம்பு சரியில்லை.

நவம்பர் 3

திருத்தச் சீட்டு ஒன்று அச்சிட்டு, மீதியிருக்கும் பிரதிகளில் ஒட்டலாமா என்று முதல்வரைக் கேட்டேன். வெளியிட்டது நகராட்சி, திருத்தம் வேண்டுமென்றால் தலைவருக்கு முறையாக எழுதுங்கள் என்றார். எழுதினேன். பதில் இல்லை. நேரில் போனேன். தலைவர் வெளியூர். மறுபடி போனேன். சாப்பிடப் போயிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு!

திரும்பும்போது முதல்வர் என்னை நிறுத்தி, நீங்கள் அரசு ஊழியர், விசாரணையில் பேச அனுமதி வாங்க வேண்டும், மனு மேலே நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். நல்லதற்குத்தான் சொல்கிறார். அந்த நல்லதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

நவம்பர் 8

இன்று படாவில் எல்லோரும் பெட்டி பெட்டியாகத் தோண்டினார்கள். பழைய காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று. கிடைத்தது: ஒரு பட்டாளத்துப் பதக்கம், இரண்டு ஜாதகம், 1961இல் வந்த ஒரு தபால் அட்டை. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. "போனதுக்கும் வந்ததுக்கும் ரசீதா வாங்கினோம்?" என்றாள் தீதி. அவள் சிரிப்பு குறைந்திருக்கிறது.

மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நவம்பர் 11

அனுமதி வரவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம், ஔல் காய்ச்சல், வெயில் காய இறங்குவது, ஒரே கதவு, புதைத்த திருகை. நன்றாகத்தான் சொன்னேன். பின்னால் தெருவே உட்கார்ந்து தலையாட்டியது. தீதி மட்டும் உள்ளே வராமல் வெளியே திண்ணையில் இருந்தாள்.

அவர் கேட்டார்: "இதுக்கு எழுத்துச் சான்று?"

இல்லை என்றேன்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்? புத்தகம் அச்சாகும் முன்னாலயா, பின்னாலயா?"

ஒரு நிமிடம் பொய் சொல்லலாம் என்று தோன்றியது. எந்தப் பொய் தீதிக்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னாலேயே தெரியும் என்றேன்.

"தெரிஞ்சும் எழுதல."

"எழுதினேன். எடுத்துட்டேன். இடம் இல்லை."

அவர் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். நாடா வெட்டுவது, மரம் நடுவது, தையல் மெஷின். ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். கடைசியாக, "நீங்க எங்க குடியிருக்கீங்க?" என்றார். படாவில் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே தாம்தா சுவரில் சாய்ந்து நின்றார். தகராறு வருவதற்கு முன்னால் ஆசிரியர் எழுதியதைத்தான் நம்புவார்கள், குடியிருப்பவர் இப்போது சொல்வதை இல்லை என்றார். ஆக, என்னை எதிர்த்து நானே சாட்சி சொன்னேன். புத்தகத்தில் இருக்கும் நான் ஜெயித்துவிட்டேன்.

தீதி என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டாள்.

நவம்பர் 12

பள்ளிக்குப் போகவில்லை.

நவம்பர் 30

உத்தரவு வந்துவிட்டது. பதினைந்து நாள் தவணை. நாலாவது பத்தியில் என் பெயர் இருக்கிறது. 'அனுபவமிக்க புவியியல் ஆசிரியை, நடுநிலையானவர்' என்று என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

தாம்தா மேல்முறையீடு போடுகிறார். அது வருவதற்குள் புல்டோசர் வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 5

எனக்கும் இடமாற்ற உத்தரவு வந்தது. மதுரை. ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும். மகள் போனில் அழுதாள். இவர் இனிப்பு வாங்கிவரப் போயிருக்கிறாராம்.

இதை எப்படித் தீதியிடம் சொல்வது?

டிசம்பர் 6

அவளே கேட்டாள். பள்ளிக்குப் பால் ஊற்றுகிறவன் சொல்லியிருக்கிறான். "நல்லதாப் போச்சு. உன் மாமியாளுக்குக் கை வராது, நீ போய்ப் பாரு" என்று தலையில் கைவைத்தாள். நான் மாடி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏழு வருடமாகக் கேட்டது கிடைத்தது. ஒரு வாய்ச் சந்தோஷம்கூட உள்ளே இறங்கவில்லை.

டிசம்பர் 10

இனி பேசாமல் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்து, அன்று எடுத்துவிட்ட இரண்டரைப் பக்கத்தைத் தேடினேன். கம்ப்யூட்டரில் இல்லை. கைப்பிரதியைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன் போலிருக்கிறது. நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். எழுதி யாரிடம் கொடுப்பது?

எருமைகளைப் பக்கத்து ஊர்க்காரன் ஓட்டிக்கொண்டு போனான். தீதி வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

டிசம்பர் 14

தீதி இன்று போய்விட்டாள். மகன் ருத்ரபூரில் ஒரே அறையில் இருக்கிறான். மருமகள், இரண்டு பேத்திகள், அங்கே இடமில்லை. அதனால் பினௌலிக்கு. அங்கே வீட்டில் பாதிக் கூரைதான் இருக்கிறது. போன வாரமே பனி விழுந்துவிட்டதாம். டிசம்பரில் கீழே இறங்காத ஆள் மலையில் இல்லை, இவள் ஏறுகிறாள். இப்படி ஏறியதாக அவள் மாமனார் வழியிலும் கேட்டதில்லை என்றாள். பள்ளி விடுதியில் இடம் கேட்கிறேன், இன்னும் மூன்று வாரம் என்னோடு வந்து இரு என்றேன். மூணு வாரத்துக்கு அப்புறம் எங்கே என்றாள்.

சின்ன லாரியில் சாமான் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். பஜார் முனையில் புல்டோசர் வந்து நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

தீதி என்னைக் கூப்பிட்டாள். "பைணி, உன் புஸ்தகத்த எடுத்துட்டு வா. எங்க தெருவப் பத்தி எழுதுனத வாசி. உன் வாயால நான் கேக்கவே இல்ல."

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மாடிக்குப் போய் எடுத்து வந்தேன். படியில் இறங்கும்போதே என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. பதினாலாம் பக்கத்தைப் பிரித்தேன். அவள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

வாசித்தேன். தீபாவளி முடிந்ததும் பினௌலியிலிருந்தும் மற்றக் கிராமங்களிலிருந்தும் மக்கள் இறங்கி வந்து இந்த மேட்டில் வீடு கட்டினார்கள் என்று வாசித்தேன். வெள்ளம் ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டினார்கள் என்றும், கோதுமையும் கடுகும் விளைத்தார்கள் என்றும், பிள்ளை பெற்றார்கள் என்றும் வாசித்தேன். மே மாதம் வந்தவனுக்கு அவர்கள் கண்ணில் படவில்லை, ஆனால் இது அவர்கள் ஊர்தான் என்று வாசித்தேன். கண் அச்சில் இருந்த மூன்று வரிமேல் இருந்தது. குரல் நடுங்கவில்லை. பாடம் நடத்தி நடத்திப் பழகிய குரல்.

தீதி கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, என் கன்னத்தைத் தொட்டாள்.

"விசாரணைக்கு முன்னாலயே தாம்தா வக்கீல் உன் புஸ்தகத்துல இருக்குறத எல்லாம் படிச்சுக் காட்டிட்டாரு" என்றாள். "இப்ப வாசிச்சியே, இதையே எழுதியிருக்கலாம்ல."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. லாரியில் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.